நாற்பத்தொன்றாம் பக்கம்

தருமபுரி பைபாஸில் டயர்க்கடைக்கு மேல்மாடி.
ஆறு பாய், ஆறு கண்கட்டு,
கீழே பஞ்சர் பார்க்கும் சத்தம்.
பெங்களூரிலிருந்து வந்த டாக்டர் வினுதா
கன்னடம் ஊறிய தமிழில் சொன்னார்:
"மருந்து கதவைத் திறக்கும்.
நீங்கள் உள்ளே போகக் கூடாது.
வாசலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்."

வாசலோடு நிற்பதில்
எனக்குப் பயிற்சி தேவையில்லை என்று
சிரிக்கத் தோன்றியது.
சிரிக்கவில்லை.

கையேட்டில் அதற்குப் 'பயணம்' என்று பெயர்.
பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால்
காரிமங்கலத்தில் பஸ் பஞ்சர் என்பார்கள் எங்கள் ஆட்கள்.
வேறு சொல் தேடினோம், மதியம் வரை.
கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் படுப்பது என் முறை.
மருந்து கிடையாது, ஒத்திகைதான்.
கண்ணைக் கட்டிவிட்டார்கள். எங்கோ ஒரு புல்லாங்குழல்.
பக்கத்தில் பிரதீபன், அரூர்க்காரர், நல்ல மனிதர்,
முந்தின நாள் தன் டப்பாவிலிருந்து
பாதி முட்டையை எனக்கு வைத்தவர்.
புத்தகம் சொன்ன மெல்லிய குரலில் கேட்டார்:
"உங்களுக்குப் பாதுகாப்பான இடம் எது?"
ஊர்ப்பெயர் சொன்னேன்.
அதே மெல்லிய குரல்:
"அங்க ஊருக்குள்ளயா, காலனியா?"

மருந்தில்லாமலே பார்த்தேன்
குமாரசாமிப்பேட்டையில் வாடகைக்கு வீடு கேட்டு
நான் தட்டிய ஒன்பது கதவுகளை.
ஒவ்வொன்றும் திறந்தது,
இதே கேள்வி அளவுக்கு மட்டும்.

எழுந்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தேன்.
'மருந்தில் இருப்பவரிடம் கேட்கக் கூடாதவை':
கடன். சொத்து. படுக்கை. கையெழுத்து.
சாதி இல்லை.
எழுதியவர்கள் வீட்டில்
யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்,
கேட்க வேண்டியிருந்திருக்காது.

வினுதா கண்ணாடியைக் கழற்றினார்.
"அவர் தப்பா ஒண்ணும்..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டார்.
"எழுதுங்க" என்றார்.
ஓரத்தில் நீலப் பேனாவில் எழுதினேன்.
அன்று பிரதீபன் தனியாகச் சாப்பிட்டார்.
மன்னிப்புக் கேட்கவில்லை.
மறுநாள் என் புத்தகத்தை வாங்கி
அந்த ஒரு வரியைத் தன்னுடையதில்
எழுத்துக் கூட்டுவதுபோல் எழுதிக்கொண்டார்.

முதல் ஆள் மாதையன்,
பென்னாகரம் பக்கம், பட்டுப்புழு ஷெட்டில் கூலி.
பதினாலு மாதமாகத் தூங்காதவர்.
புல்லாங்குழலைக் கேட்டுவிட்டு
"மண்டபத்துல பந்திக்கு முன்ன போடுவாங்களே" என்றார்.
வேறென்ன வேண்டும்?
"புழு தின்ற சத்தம்."

ராத்திரி போய் போனில் பிடித்து வந்தேன்.
கடைசிப் பருவத்துப் புழுக்கள்,
மூங்கில் தட்டு தட்டாய்,
நனைக்காத ஒரு மழை.

ஊசிக்கு முன் கேட்டேன்:
"நடுவுல பயந்தா கையைப் பிடிக்கட்டுமா?
இப்பவே சொல்லணும்.
அப்புறம் சொல்றது கணக்குல வராது."
என் பேட்ஜைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.
"சிஸ்டருக்கு எந்த ஊரு?"

மருந்தில் இல்லாதவர் கேட்கலாம்.
கேட்கப்படுகிற நர்ஸுக்கு
எந்தப் பக்கத்திலும் ஒன்றும் எழுதியில்லை.
சொன்னேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
"கை வேணாம். பக்கத்துல இருங்க."
'வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
ஏன் என்று கேட்க
அந்தப் படிவத்தில் இடமில்லை,
இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

இருபதாம் நிமிடம்
அவர் கை பாயை விட்டு எழுந்து
காற்றில் எதையோ தேடியது.
என் பக்கம் வந்தது.
விரல்கள் விரிந்திருந்தன.

வேண்டாம் என்றவர் விழித்திருந்தவர்.
இந்தக் கை யாருடையது?
என் கை மடியில்தான் இருந்தது.
அதற்கும் ஒரு சொந்த விருப்பம் இருந்தது.

துண்டைச் சுருட்டி
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
இறுகப் பற்றினார்.

போனில் புழுக்கள் தின்றுகொண்டே இருந்தன.