இரண்டு பிர்

என்டோட்டோ மலையில் விடிவதற்கு முன்பே
யூகலிப்டஸ் வாசனை எழுந்துவிடும்.
நாங்கள் அதற்கும் முன்னால் எழுகிறவர்கள்.
சுள்ளியும் கிளையும் சேர்த்து
முதுகைவிட அகலமாய்க் கட்டுகிறோம்.
ஒருமுறை சந்தைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன்,
முப்பத்தைந்து கிலோ.
அதற்குப் பிறகு ஏற்றிப் பார்க்கவில்லை.

இறக்கத்தில் ஒருத்திக்குக் கால் இடறினால்
முன்னால் போகிறவள் திரும்பமாட்டாள், திரும்ப முடியாது.
குனிந்த தலையோடு
மண்ணைப் பார்த்தே சொல்வாள்:
ஐஸோஷ்.
ஆணென்றால் ஐஸோஹ்.
தேறிக்கொள், தளராதே,
நான் இருக்கிறேன், எல்லாம்தான்.
பல் பிடுங்குகிறவனும் சொல்வான்,
பேருந்தில் உன் காலை மிதித்தவனும் சொல்வான்.
அந்தச் சொல் ஒரு குச்சியைக்கூட
என் கட்டிலிருந்து உருவிப் போட்டதில்லை.

என் இளையவன் கண்மூடிய ஆண்டு
தெருவே வந்து சொன்னது.
துக்கக் கூடாரத்தில் மூன்று நாள்
காபிக் கோப்பையும் கையுமாக
ஐஸோஷ், ஐஸோஷ்.
செல்லாத காசை
மடி நிறையக் கொட்டியது போலிருந்தது.
நான்காம் நாள் ட்சிகேயிடம் சொன்னேன்:
இன்னொரு தடவை அதைச் சொன்னால்
உன்னோடு மலைக்கு வரமாட்டேன்.

அவள் சொல்லவில்லை.
மழைக்காலம் முழுக்கச் சொல்லவில்லை.
எனக்குப் பின்னால் நடந்தாள், அவ்வளவுதான்.
நான் நின்றால் நிற்பாள்,
எதற்கு நிற்கிறாய் என்று கேட்கமாட்டாள்.
குனிந்து செருப்பு வாரை இறுக்குவாள்.
அவள் செருப்பில் வாரே கிடையாது.

மரியாம் கோயில் மதில் வந்ததும்
கட்டைச் சாய்த்துவிட்டு
எல்லாரும் வாசல் கல்லை முத்துவார்கள்.
நான் விட்டிருந்தேன்.
கடவுளிடம் கோபம் என்றுகூடச் சொல்லமுடியாது;
கோபத்துக்கு எதிரே ஒருவர் வேண்டுமே.
ட்சிகே உள்ளே போய்
எண்ணெய் பாட்டிலில் புனித நீர் பிடித்து வருவாள்.
பாதியைக் குடித்து
மீதியை மதில்மேல் வைத்துவிட்டு நடப்பாள்.
குடி என்று சொன்னதில்லை.
முதல் வாரமெல்லாம் அது அங்கேயே இருந்தது.
பிறகு ஒருநாள்
எனக்குத் தாகமாக இருந்தது.

புத்தாண்டுக்கு முந்தின நாள்,
பாதையோரமெங்கும் மஞ்சள் பூ.
சிவந்த சேற்றில் அவள் சறுக்கினாள்.
கட்டு அடியில், அவள் மேலே,
மல்லாந்த வண்டுபோல வானத்தை உதைத்துக்கொண்டு.
சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.
கை நீட்டும் முன்னே வாய் நீட்டிவிட்டது:
ஐஸோஷ்.

எனக்கே கேட்டது.
நம்பாமல்தான் சொன்னேன்.
அவள் நம்பி எழுந்தாள்.
என்னிடம் இல்லாத ஒன்று
என் வழியாகப் போய்
அவளிடம் எப்படிச் சேர்ந்தது?
குருவானவரைக் கேட்டிருக்கலாம்.
விறகு நனைந்துகொண்டிருந்தது, இறங்கினோம்.

கீழே வனக்காவலன் கெடாமு.
ஆளுக்குப் பத்து பிர் வாங்காமல் விடமாட்டான்.
அன்றும் கை நீண்டது, கண் மட்டும் வேறெங்கோ.
காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது.
மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறானாம்,
வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.
எட்டு வருடமாக அவனைச் சபித்த நாக்கு இது.
தாளைக் கொடுத்தேன்.
கூடவே, ஐஸோஹ்.

திட்டியது போல விழித்தான்.
இருபது அடி போயிருப்பேன்,
பின்னால் பூட்ஸ் சத்தம்.
மூச்சு வாங்க ஓடிவந்து
இரண்டு பிர்ரைத் திருப்பி என் கையில் திணித்தான்.
ஏன் இரண்டு என்று
அவனுக்கும் தெரிந்திருக்காது.

முதுகில் அதே முப்பத்தைந்து கிலோ.
இடுப்பு முடிச்சில் இரண்டு பிர்.
முன்னால் போய்க்கொண்டிருந்த ட்சிகே
திரும்பாமலே கேட்டாள்:
ஒரு காபிக்கு ஆகுமா?
ஆகாது, என்றேன்.
சரி, நட, என்றாள்.