பத்து தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
பத்து தெத்ரி.
சில நாள் காசை விழுங்கிவிட்டு
வாயை மூடிக்கொண்டு நிற்கும்,
கடன் வாங்கிய உறவுக்காரனைப் போல.

ஆண்டவரே, நான் எதெரி.
திபிலீசி, க்ல்தானி, எட்டாவது மாடி.
பெரிய துன்பங்களில் உம்மைக் குறை சொன்னதில்லை.
தொண்ணூற்றிரண்டின் குளிர்காலத்தில்
மின்சாரமும் ரொட்டியும் இல்லாமல்
மண்ணெண்ணெய் அடுப்பருகே உட்கார்ந்து
பல் கிட்டிக்கொள்ள உம் பெயரைச் சொன்னேன்.
அம்மாவைப் புதைத்த அன்றும்
உம்மோடு சண்டையிடவில்லை.

ஆனால் இந்தத் துளைக்கும் இயந்திரம்!
ஏழாவது மாடி ஜும்பெர்
காலை ஒன்பதுக்குத் தொடங்குகிறான்.
சுவரைத் துளைக்கிறானா,
என் கடைவாய்ப் பல்லையா?
சிலுவை என்றால் தோளில் ஏற்றிக்கொள்வேன்.
இது செருப்புக்குள் கிடக்கும் பொடிக்கல்.
பொடிக்கல்லைச் சுமந்தவர்களுக்கு
எந்தக் கோயிலிலும் படம் இல்லை.

தவக்காலத்தின் முதல் திங்களன்று
கம்பளிக் கயிறு ஒன்று வாங்கினேன், நூறு முடிச்சு.
எரிச்சல் ஒன்றுக்கு முடிச்சு ஒன்று,
முடிச்சு ஒன்றுக்கு ஓர் 'ஆண்டவரே இரங்கும்'
என்று கணக்கு.
லிஃப்ட்டுக்கு ஒன்று.
வாசலை அடைத்து நிறுத்திய காருக்கு ஒன்று,
அது ஊளையிட்டதற்கு நான்கு.
மருந்துக்கடையில் சீட்டைக் கொடுக்காமல்
"அதுதான், அந்த ரோஸ் மாத்திரை" என்றவளுக்கு இரண்டு.
கண்ணாடியைத் தேடியதற்கு ஒன்று,
அது தலையிலேயே இருந்ததற்கு இன்னொன்று.
பேருந்து தேவாலயத்தைக் கடக்கையில்
எல்லோரும் மும்முறை சிலுவை இட்டுக்கொள்ள,
பக்கத்தில் நின்றவரின் முழங்கை
மும்முறையும் என் விலாவில்.
பக்தியும் இடிக்கும். அதற்கு மூன்று.
மதியத்துக்குள் கயிறு தீர்ந்துவிட்டது.
மிஞ்சிய நாளுக்கு என்ன செய்ய?

உமக்குத் தெரியாததல்ல.
பசித்த காலையில் ஓர் அத்திமரத்திடம்
நீரும் முகம் சுளித்தீர்.
ஒரு மணி நேரம் விழித்திருக்கச் சொன்னால்
குறட்டை விட்டவர்களோடுதானே
ஊர் ஊராய் நடந்தீர்.
யார் பெரியவன் என்று வழியெல்லாம்
அவர்கள் வாய்ச்சண்டை போட்டபோது
உமக்குத் தலை வலித்ததா என்று
ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

வியாழக்கிழமை. இரண்டு கையிலும் பை,
வாங்கிய லோபியானி ஆறிக்கொண்டிருக்கிறது.
லிஃப்ட்டுக்குள் ஜும்பெர்.
தலைமுடியில் சுவர்த்தூள், சட்டைப்பையைத் தடவுகிறான்.
"கல்பதோனோ எதெரி, காசில்லை."
என்னிடம் இருந்தது ஒன்று. போட்டேன்.
ஐந்தாவதில் நின்றது. விளக்கும் அணைந்தது.

இருட்டில் கேட்டேன், மரியாதையாகத்தான்:
"அப்படி என்னதான் துளைக்கிறாய்?"
"அலமாரிப் பலகை," என்றான்.
நோயாளித் தாய்க்குக் கைப்பிடி என்று சொல்லியிருந்தால்
அங்கேயே மன்னித்திருப்பேன்.
வெறும் பலகை. அதுவும் கோணல், அவனே ஒப்புக்கொண்டான்;
அதனால்தான் திரும்பத் திரும்ப.
பிறகு, சிரித்தபடி,
"நாங்களும் கேட்க நினைத்தோம்.
தினமும் காலை ஐந்துக்கு எங்கள் தலைக்குமேல்
மாட்டுவண்டி ஒன்று போகிறதே?
லாமாரா சொல்வாள்:
எதெரி ஜெபத்துக்கு உட்கார்ந்துவிட்டாள்."

என் நாற்காலி.
ஐகான் மூலைக்கு நான் இழுத்துப்போகும்
இரும்புக்கால் நாற்காலி.
மூன்று வருடமாக.
எத்தனை முடிச்சு உருட்டியிருப்பான் அவன்,
கையில் கயிறே இல்லாமல்?

லிஃப்ட் ஒரு குலுக்கலோடு உயிர்பெற்றது.
ஏழாவதில் அவன் இறங்குமுன்
லோபியானியைப் பிய்த்துக் கொடுத்தேன்.
பெரிய பாதியை அல்ல.
அதையும் நீர் பார்த்தீர்.

இரவு பழைய கம்பளிக் காலுறைகளை வெட்டி
நான்கு கால்களுக்கும் கட்டினேன்.
ஐந்து மணிக்கு நாற்காலி பூனைபோல நடந்தது.
அவ்வளவு பெரிய அமைதியில்
கொஞ்ச நேரம் எனக்கு ஜெபமே வரவில்லை.

ஒன்பதுக்கு, கீழே, மறுபடியும்.
பல்லைக் கடித்தேன்.
கடித்த பல்லின் இடுக்கு வழியே சொன்னேன்:
ஆண்டவரே இரங்கும்.
யார்மேல் என்று
சொல்லவில்லை.