வளர்ச்சி: உண்டு

காவேரிப்பட்டணம் சாலையில் பெங்களூரா லாரிகள்
பெட்ரோல் பங்க் வரை வரிசையில் நிற்கிற ஜூன் மாதம்.
கிலோ ஆறு ரூபாய்க்குத் திம்மராயன் இறக்கிவிட்டுப் போன மாங்காய்
பழுத்து, அரைபட்டு, இரவு இரண்டு மணிக்கு
ஒரு துளி மஞ்சளாய் என் மேசைக்கு வருகிறது.
பிரிக்ஸ் மானியின் கண்ணாடியில் பூசி
விளக்குப் பக்கம் திருப்பிப் பார்க்கிறேன்:
பதினாறு.
எழுதிக்கொள்கிறேன். அதற்குத்தான் சம்பளம்.

நூற்றுப் பதினேழாம் டிரம் உப்பியது செவ்வாய்க்கிழமை.
ஷிப்ட் பொறுப்பாளர் முனிகிருஷ்ணன்
சினை மாட்டின் வயிற்றைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தார்.
"இனிப்புல ஏதும்மா கிருமி?
ஜாம் கெட்டுப் பாத்திருக்கியா, தேன் கெட்டுப் பாத்திருக்கியா?"

அவர் சொன்னதில் பாதி சரி.
அளவு மீறினால் சர்க்கரை சோறில்லை, வறட்சி.
கிருமியின் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும்.
பாகின் நடுவில் தாகத்தால் சாகும் அது.
தென்பெண்ணை நுரைநுரையாய் வந்த நாளில்
கரையில் காலிக் குடத்தோடு நின்றவளுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

மீதிப் பாதி குழாயின் வளைவில் இருந்தது.
விரலால் தொட்டேன், நூல் வந்தது,
வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் வருவதுபோல.

லியூகோநாஸ்டாக்.
பெயர்தான் நீளம். லென்ஸின் கீழே
இரண்டிரண்டாய்க் கோத்த பொடிமணி.
கிடைக்கிற சர்க்கரையைப் பெரும்பாலும்
வாசலிலேயே வைத்து உடைக்கிறது.
ஒரு துண்டு உள்ளே, அடுப்புக்கு.
மறுதுண்டைச் சங்கிலியாய்த் திரித்துத் திரித்துத்
தன்னைச் சுற்றிப் பிசினாய்ப் பூசிக்கொள்கிறது.
ஒரே வரவில் சாப்பாடு, சுவர் இரண்டும்.
நான் அப்படியொரு சம்பளம் வாங்கியதில்லை.

யாரும் கேட்காமல் ஐந்து தட்டு ஊற்றினேன்.
ஐந்து, பத்து, இருபது, நாற்பது, ஐம்பது சதவீதம்.
முதல் இரண்டும் மறுநாளே வெளுத்தன.
இருபதில் கொழுத்துப் பளபளத்தது.
நாற்பது நான்கு நாள் யோசித்தது.
ஐம்பதில்
ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை.
ஞாயிறு விடுப்பு, பர்கூரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து.
திங்கள், ஒன்றும் இல்லை.

ஆனால் சும்மா இருந்திருக்காது.
வெளியே இழுக்கிற இழுப்புக்கு ஈடாக
உள்ளே எதையெதையோ சேர்த்து வைத்திருக்கும்,
தண்ணீர் போய்விடாதபடி.
பெருகுவதெல்லாம் பிறகு.
இப்போதைக்கு, இருப்பதே முழுநேர வேலை.

ஒன்பதாம் நாள் தட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி.
கடுகில் பாதி.
ஈரமாய், ஒளியைப் பிடித்துக்கொண்டு.

அன்றுதான் சீசன் முடிந்ததாக நோட்டீஸ் ஒட்டினார்கள்.
டிரம் குழிக்குப் போனது. குழாய் வளைவுக்குக் காரம் ஓடியது.
"மே மாசம் கூப்பிடுவாங்கம்மா, போன் நம்பர மாத்திடாத."
தட்டுகளை ஆட்டோகிளேவில் அடுக்கினேன்,
நூற்று இருபத்தோரு டிகிரி, பதினைந்து நிமிடம்.
திறந்ததும் பாகு முறிந்த வாசனை வராந்தா முழுக்க.
முனிகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார்:
"என்னம்மா, அதிரசமா?"

பதிவேட்டில் ஐம்பதுக்கு நேரே
கட்டம் இன்னும் காலியாக இருந்தது.
வளர்ச்சி: உண்டு.
தேதி போட்டேன்.
பரிசோதித்தவர்: பெ. நாகவேணி, தற்காலிகம்.