பத்து மடங்கு

உம்மா ஸ்கார்ப்பை அவிழ்க்கும்போது
வரிசையில் நின்றவர்கள் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார்கள்.
கதவைச் சாத்தினேன்.
அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது.

ஹைபா. ஏழு வயது. இறக்காமத்திலிருந்து
முதல் பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்கு வந்தவள்.
உச்சிக்குப் பின்னால் ஐந்து ரூபாய்க் குத்தியளவில் தொடங்கி
இப்போது உள்ளங்கையளவு.
புழுவெட்டு என்று யாரோ சொல்லி
சின்ன வெங்காயம் தேய்த்தார்கள், பிறகு வினாகிரி,
பிறகு மண்ணெண்ணெய்.
கடைசியை உம்மா என் முகம் பாராமல் சொன்னாள்.

கைக்கடக்கமான ஒரு விளக்கு, பத்து மடங்கு கண்.
அரசாங்கம் தந்ததல்ல, என் இரண்டு மாதச் சம்பளம்.
ஸ்பிரிட்டால் துடைத்து, தலையில் வைத்துக் குனிந்தேன்.
வெறுங்கண்ணுக்கு அது வழுக்கை.
உள்ளே, வெள்ளைச் செதில்களின் நடுவே
முறிந்து வளைந்து கிடந்தன மயிர்கள்,
ஒவ்வொன்றும் ஒரு கால்புள்ளி.
சில பாகற்கொடிச் சுருள்.
தோலோடு ஒடிந்தவை கறுப்புப் புள்ளிகள்.
புழுவெட்டென்றால் ஆச்சரியக்குறி இருக்கும்,
அடி மெலிந்து, தலை தடித்து.
தேடினேன், இல்லை.

"பங்கசு" என்றேன்.
"காளானா?"
"அதற்குத் தூரத்துச் சொந்தம்."

செதில் சுரண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன்.
குளிசையை அன்றைக்கே தொடங்கச் சொன்னேன்:
எருமைத்தயிரோடு, ஆடையோடு,
கொழுப்பில்லாவிட்டால் இது உடம்பில் சேராது.
"தயிருக்கு எங்களிட்டப் பஞ்சமில்ல,"
உம்மா முதல்தடவை சிரித்தாள்.
"வீட்டில பூனை இருக்கா?"
"இல்ல டொக்டர்."
மேசைக்கடியில் ஹைபாவின் ஒரு செருப்பு
மற்றதை மிதித்தது.

ஐந்தாம் கிழமை.
"சுகமாயிட்டு, குளிசைய நிப்பாட்டிட்டன்."
கண்ணுக்குச் சுகம்தான்.
லென்ஸுக்கு இன்னும் மூன்று கால்புள்ளி.
போனில் படமெடுத்து
பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள் சின்னவள்.
"இது போட்டா வசனம் முடியலதானே?"
"ஓம். இன்னும் முடியல."
கொஞ்ச நேரம் கழித்து, படத்தைப் பார்த்தபடியே,
"பூனைக்குட்டிட காதுலயும் இப்படித்தான் எழுதியிருக்குமா?"

உம்மா அவளைப் பார்த்தாள்.
நான் சுவர்க் கலண்டரைப் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய் மோட்டார்சைக்கிள்கள் நிற்குமிடத்தில்
துளையிட்ட பிஸ்கட் பெட்டிக்குள்
கிளினிக் கொப்பி இல்லாத ஒரு நோயாளி,
சாம்பல் நிறம், பெயர் மிட்டாய்.
லென்ஸுக்குப் பொலித்தீன் சுற்றினேன்.
கீறியது, பிடித்தேன், மறுபடி கீறியது.
காதோரம் அதே வளைவு, அதே கையெழுத்து.
மிருக வைத்தியருக்குத் துண்டெழுதிக் கொடுத்தேன்.
"துரத்த மாட்டீங்கதானே?"
கேள்வி எனக்கல்ல.
உம்மா ஒன்றும் சொல்லாமல்
பெட்டி மூடியைக் காற்றுக்காகக் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

பத்தாம் கிழமைதான் ஆய்வுகூட விடை வந்தது.
பங்கசு என்றது. யாருக்கும் அவசரமில்லை.
தலையில் மயிர்கள் நேராக நின்றன.
ஓரத்தில் ஒன்று சந்தேகமாயிருந்தது,
அதற்காக இன்னும் இரண்டு கிழமைக் குளிசை.

கொப்பியில் எழுதும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள் ஹைபா.
சிவந்த ஓரத்தோடு ஒரு வட்டம். நான்கு நாளாய் அரிப்பு.
கேட்காமலே லென்ஸை எடுத்து வைத்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.
"கால்புள்ளி இல்ல, டொக்டர்.
ஒரு சைபர்தான் இருக்கு."