நாற்பத்தொரு துண்டு

ஞாயிறு விடியலில் நாற்பத்தொரு பேர்
நாகமலை ஏறுகிறார்கள்.
டயாலிசிஸ் வார்டில் ராமுழுக்கத்
துணைக்கு இருப்பவர்கள் சாய
ஆறு நாற்காலி வாங்கணுமாம்.

எனக்கு முட்டி வலி.
ஆளுக்கொரு சுங்குடித் துண்டு தருகிறேன் என்றேன்.
சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன்:
ஒன்றுக்கு முந்நூற்று நாற்பது முடிச்சு.

விளாச்சேரி ஆரோக்கியமேரி
மண் ஊதல் சுட்டு அனுப்பினாள்,
வழி தவறினால் ஊத.
பாதி ஊதவே இல்லை.
"பாதிப் பேர்தானே தவறுவான்" என்கிறாள்.

மிச்சத் துணியைக் கைக்குட்டையாக்கி
கைத்தறி நகர் முக்கில் விற்றோம்.
கார்க்காரர் ஒருவர்
"தர்மத்துக்குத்தானே, குறைக்கக் கூடாதா?"
"தர்மத்துக்குத்தானே, கூட்டக் கூடாதா?" என்றேன்.
சிரித்துவிட்டு
ரெண்டு எடுத்துக்கொண்டார்.
நாற்காலிக்கு ஒரு கால் தேறியிருக்கும்.

ஆறரைக்கு மோட்டார் போட்டுவிட்டு
மாடியிலிருந்து பார்க்கிறேன்.
மலை என் சுண்டுவிரல் உயரம்.
ஆள் யாரும் தெரியவில்லை.

நகக்கண்ணில் இன்னும் அரக்குச் சாயம்.
கடைசித் துண்டில், அவசரத்தில்,
ஒரு முடிச்சைப் பிரிக்காமலே கொடுத்துவிட்டேன்.
யார் கழுத்திலோ அது இப்போது
தன் வெள்ளைப் பொட்டை மூடிப் பிடித்தபடி
ஏறிக்கொண்டிருக்கும்.