றெஜிபோம்

கரடிப்போக்குச் சந்தியில்
சைக்கிள் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவே
கண்ணாடிக் கதவு போட்ட கடை.
உள்ளே குளிர்.
செருப்பைக் கழற்றவா என்று கேட்டேன்.
இல்லை அக்கா, வாங்கோ என்றாள் டிலக்சிகா.
சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

அல்பத்தைப் புரட்டினாள்.
மூன்று தட்டு, ஐந்து தட்டு,
நடுவில் தண்ணீர் பாய்கிற ஏழு தட்டு.
உச்சியில் கோட் போட்ட மாப்பிள்ளை,
பொன்முடிப் பொம்பிளை.
"வேட்டி கட்டின பொம்மையும் இருக்கு,
முந்நூறு ரூபாய் கூட."

பாரிஸிலிருந்து அண்ணன் குரல் அனுப்பியிருந்தான்:
ஐந்துக்குக் குறைய எடுக்காதே,
இஞ்ச எல்லாரும் படம் பார்ப்பினம்.

நிமலரூபன் ஒன்றும் சொல்லவில்லை.
உழவு இயந்திரம் திருத்துகிறவர்,
எதையும் ஒருக்கால் தட்டிப் பார்ப்பார்.
காட்சிக்கு நின்ற கேக்கின்
மூன்றாம் தட்டைச் சுண்டினார்.
டொக்.

"அது றெஜிபோம் அண்ணா."
"அப்ப கேக்?"
"கீழ்த்தட்டில ஒரு துண்டு மட்டும்.
கத்தி போற இடத்தில சிவப்புப் பூ வைச்சுவிடுவம்.
பூவைப் பார்த்து வெட்டுங்கோ.
வேற இடத்தில வெட்டினால் கத்தி இறுகும்,
ஆக்கள் சிரிப்பினம்."

நான்தான் முதலில் சிரித்தேன்.
நிறுத்த முடியவில்லை.
கண்ணால் தண்ணீர் வந்தது.

ஒன்பது வருடமாக எனக்கு இதற்குத்தானே சம்பளம்.
முகமாலையில்
ஒரு மீற்றர் அகலப் பாதை,
முழங்காலில் நான்,
முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி.
கருவி கத்துகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி
மண்ணைச் சீவிச் சீவிக் கிட்டப் போக வேண்டும்.
அநேகமாக ஆணி.
மீன்ரின். முட்கம்பித் துண்டு.
ஒருநாள் தேக்கரண்டி ஒன்று,
அதற்கும் அதே நாற்பது நிமிடம்,
அதே அடக்கின மூச்சு.
வெளி முழுக்கப் பொய்,
எங்கோ ஒரு சாண் மட்டும் மெய்.
அந்தச் சாணுக்குத்தான் சிவப்பு.

நிமலரூபனுக்கு விளங்கிவிட்டது.
நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, சிவப்புப் பூ வேண்டாம்."
"ஏன் அக்கா? வெள்ளை ஐசிங்கில எடுப்பாத் தெரியுமே."
"வெள்ளை வையுங்கோ."

எங்களிடம் வெள்ளைக் கட்டை நட்டால்
அங்கே நடக்கலாம்.
மாடு மேயலாம்.
காணிக்காரர் வந்து கிணறு இறைக்கலாம்.
இதையெல்லாம் அவளுக்குச் சொல்லவில்லை.

"வெள்ளையில வெள்ளை வைச்சா
இடம் பிடிபடாதே அக்கா."
"எனக்குப் பிடிபடும்."

பிறகு கணக்கு.
ஐந்து தட்டும் வாடகைக்குத்தான்,
விருந்து முடிய உடையாமல் திருப்பித் தரவேணும்.
போன கிழமை மல்லாவியில் நின்றதாம்,
வாற கிழமை புதுக்குடியிருப்புக்குப் போகுமாம்.
எத்தனை சோடியடா இதை வெட்டியிருக்கும் என்றார்
இவர், எனக்கு மட்டும் கேட்க.
பெட்டியில் போட்டுக் கொடுக்கிற துண்டுகளோ
முழுக்க மெய்:
ரவை, கஜு, பூசினி அல்வா, றோஸ் எசன்ஸ்.
ருசிக்கத் தந்ததைப் பாதி பிய்த்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
நகக் கண்ணில் கிறீஸ்.
நான் பார்த்துவிட்டுத் தின்றேன்.

இருநூற்றிருபது பெட்டி.
எங்கள் அணிக்கு வேறாகப் பன்னிரண்டு,
அதில் ரிபன் வேண்டாம்.
பத்து மணிக்கு விசில் ஊத
கவசத்தைக் கழற்றி,
கை கழுவின பாதி கழுவாத பாதியாய்
நின்றபடி தின்பார்கள்,
யோகமலர் மட்டும் ஒரு துண்டைக்
குழந்தைக்கென்று மறைத்து வைப்பாள்.

முற்பணம் ஐயாயிரம்.
பற்றுச்சீட்டில் டிலக்சிகா எழுதினாள்:
தட்டு 5, துண்டு 1, பூ வெள்ளை.
கடைசிச் சொல்லுக்குக் கீழே
இரண்டு கோடு இழுத்தாள்.

வெளியே வெயில்
கண்ணைக் குத்தியது.
ஏ ஒன்பதில் மணல் ஏற்றின டிப்பர் ஒன்று
தூசியை எங்கள் மேல் விட்டுப் போனது.
அண்ணனுக்குப் படம் அனுப்பினேன்.

ஐந்தும் கேக்தானே என்று கேட்டிருந்தான்.
ஓம் அண்ணா என்று எழுதினேன்.