நான்காம் எண் மேகசின்

படிவத்தில் ‘காரணம்’ என்றொரு கட்டம்.
மூன்று விரல் அகலம்.

மணிமுத்தாறு மலையடியில், புரட்டாசி வெயிலில்
உதவி ஆய்வாளர் வானமாமலை ஏற்றியது பதின்மூன்று தோட்டா.
மூன்று முறை நின்றது.
மண்மேட்டுக் கொக்கு எழுந்து பறந்து
சத்தம் நின்றதும் திரும்பி வந்து உட்கார்ந்தது.
“என்ன ஏட்டம்மா, குண்டு வாசல் வரைக்கும் வந்து நிக்கி,
உள்ள போவ மாட்டக்கு.”

எல்லோரும் பிஸ்டலைத்தான் பார்த்தார்கள்,
குழலை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி.
சத்தம் போடுவது அது, பேரும் அதற்கு.
கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த தகரக்கூட்டை
யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரவு, பாளையங்கோட்டை ஆயுதக் கிடங்கில்
பழைய நாளிதழ் விரித்து அதைப் பிரித்துப் போட்டேன்.
அடித்தட்டு. ஸ்பிரிங். ஃபாலோயர். கூடு.
இவ்வளவுதான் அது.

ஸ்லைடு பின்னால் போய் முன்னால் திரும்பும்
அந்த ஒரு சிமிட்டலுக்குள்
அடுத்த தோட்டா மேலேறி நின்றாக வேண்டும்.
ஸ்பிரிங் சோம்பினால்
ஸ்லைடு வெறுங்கையோடு போய்ச் சேரும்.
ஆனால் இது ஆடியில் மாற்றிய ஸ்பிரிங்;
என் கட்டைவிரல் நகம் இன்னும் அதை மன்னிக்கவில்லை.
ஃபாலோயர்? அழுத்திவிட்டேன்.
தலை சாயாமல் ஏறி வந்தது.

மிச்சம் கூடு.
இரண்டு வரிசையாய் அடைந்து வருகிறவை
கழுத்தில் ஒற்றையாக வேண்டும்,
ஜங்ஷனுக்குப் போகும் அத்தனை வண்டியும்
ஆற்றுப்பாலத்து வாயில் நெருங்குவதுபோல.
ஒரு ஆட்டோ கோணலாக மூக்கை நீட்டினால் போதும்,
வண்ணார்பேட்டை முழுக்க ஹாரன்.

அந்தக் கழுத்துக்கு மேல் இரண்டு உதடு.
விரிந்தால் தோட்டா அவசரப்பட்டுத் தலை தூக்கும்.
இறுகினால் விடாது,
மூக்கு தாழ்ந்து சுவரில் முட்டி நிற்கும்.
வித்தியாசம் ஒரு தாள் கனம்.

அளவியை நுழைத்தேன்.
இடது உதடு இறுகியிருந்தது.
அதன் விளிம்பில் சின்னதாய்ப் பல்தடம்,
நடுவே ஒரு பல் இல்லாமல்.

அந்தக் குறடு
என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மூன்று வருஷம் முன்பு தசரா பந்தோபஸ்து முடிந்து
யாரோ பையைக் கவிழ்த்தபோது
சிமெண்டுத் தரையில் விழுந்து வாய் விரிந்தது.
புதிது கேட்டு எழுதினேன். ‘இருப்பு இல்லை’ என்று பதில்.
கணக்கெடுப்புக்கு இரண்டு நாள்.
துணி சுற்றாமல், மெல்ல, ஒரே அழுத்து.
விரலால் பதின்மூன்றையும் தள்ளிப் பார்த்தேன்,
நுங்குபோல வழுக்கி வந்தன.
அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.
விரல் தள்ளுவது வேறு,
வெடி தள்ளுவது வேறு.

பதிவேட்டை எடுத்தேன்.
நான்காம் எண் எங்கெல்லாம் போயிருக்கிறது?
நாங்குநேரி நால்வழிச் சாலை, இரவு ரோந்து.
களக்காடு. மறுபடி நாங்குநேரி.
கைதியோடு கோர்ட்டுக்கு, எஸ்.ஐ. சொர்ணவேல் இடுப்பில்,
அவர் பெண்ணுக்கு அப்போது நான்கு மாதம்.
ஆண்டுப் பயிற்சிக்கு மட்டும் ஏனோ
இதுவரை இதை யாரும் எடுக்கவில்லை.
நாற்பத்தொரு இரவு.
ஒரு இரவிலும் உறையை விட்டு உருவ நேரவில்லை.
அதற்கு நான் காரணமில்லை.

காலையில் வானமாமலை வந்தார்.
“பிஸ்டல்தானே? நான் அப்பவே சொன்னேன்.”
“இல்ல சார், பிஸ்டல் நல்லாத்தான் இருக்கு.”
டீ சொல்லவா என்றார். வேண்டாம் என்றேன்.

‘தேய்மானம்’ என்று எழுதினால்
சென்னை வரை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.
பேனாவைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு மேகசினையும் குறடையும்
ஒரே காக்கி உறையில் போட்டு அரக்கு உருக்கினேன்.

காரணம்: உறையில் காண்க.
கீழே, ஜெபக்கனி, தலைமைக் காவலர்.